பதாகையில் இருக்கும் கடுகு

மேடையின் நடுவில் அமர்ந்து, இவள் என்ன பேசித் தொலைப்பாளோ என்று கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருக்கும் மதிப்பிற்குரிய ஆய்வுக்கூட இயக்குநர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கும், அக்காவின் ஆய்வுத் தோழர் கண்ணாடி அண்ணன் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் என் அம்மாவே, அப்பாவே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் டிஷ் பிரிவுத் தோழர்களே! அக்காவை நேசித்ததால் வந்தவர்களே! வராவிட்டால் நன்றாக இருக்காதே என்று வந்தவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்றார்கள். ஆமாம், ஈடு செய்ய முடியாத இழப்புதான். ஆனால் உங்கள் கணக்கில் ஒன்று குறைகிறது. நீங்கள் இழந்தது ஒரு விஞ்ஞானியை. நான் இழந்தது ஓர் அக்காவை. அந்த அக்காவின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை. அது போதாதென்று, ஒரு முழு விண்மீன் மண்டலத்தை! ஒரே மாதத்தில் இத்தனையும் தொலைத்தவள் இந்த மண்டபத்தில் வேறு யாராவது உண்டா?

இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். பேசக் கூடாதுதான். ஆனால் “வாலு, நீயும் வந்து ரெண்டு வார்த்தை பேசும்மா” என்று கூப்பிட்டது இயக்குநர் அவர்கள். வாலின் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு, ஆடாதே என்றால் எப்படி?

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். இடது பக்கத்தில் அக்கா சிரிக்கிறாள். வலது பக்கத்தில், கன்னங்கரேலென்ற இடத்தில் மங்கலாக ஒரு வெளிர் திட்டு. கைதவறித் தண்ணீர் சொட்டிய கறை மாதிரி இருக்கும். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘முனைவர் கிசுகிசுவின் தேடலில் கிடைத்த கடைசி முத்து’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த முத்தைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதை இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று, கூட்டம் தொடங்கும் முன் அதோ அந்தக் கதவுக்கு வெளியே என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். சொல்வதா, விழுங்குவதா? பேசிக்கொண்டே முடிவு செய்கிறேன். அதுவரை கைக்குட்டை பாவம்.

முனைவர் கிசுகிசு! அந்தப் பட்டத்தின் வரலாறு உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முதன்முதலில் பொதுமக்களுக்கு உரையாற்றப் போனபோது அக்கா சொன்னாளாம்: “விண்மீன் வெளிச்சத்துல கத்தும். ஆனா மண்டலத்துக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் வாயு கத்தாது. ரேடியோ அலையில கிசுகிசுன்னு பேசும். நாங்க ஒட்டுக் கேக்கறவங்க.” அன்றைக்குத் தொடங்கியது. அடுத்தவர் வீட்டுக் கதையை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பேசாத ஒருத்திக்குக் கிசுகிசு என்று பெயர்! அலையைத் தேடி அலைந்தவள், அலைபேசி வைத்துக்கொள்ளாதவள், வீட்டில் இருந்த ஒரே தங்கையை இப்படி அலைக்கழித்துவிட்டுப் போனவள்! வானொலி என்ற சொல்லை நீங்கள் பாட்டுப் பெட்டிக்குச் சொல்வீர்கள். எங்கள் வீட்டில் அதன் பொருள், வானம் போடும் ஒலி.

அவள் தேடியது என்ன? இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நம் பால்வீதியைப் போன்ற பெரிய மண்டலங்கள் தனியாக இருப்பதில்லை. அண்டை அயலோடு கூட்டமாக இருக்கும். பெரியவர்களைச் சுற்றிச் சின்னச் சின்ன மண்டலங்கள் திரியும். கணிதக்காரர்கள் போட்ட கணக்குப்படி அந்தச் சின்னவர்கள் ஏராளமாக இருக்க வேண்டும். ஆனால் வருகைப் பதிவு எடுத்தால் கொஞ்சம் பேர்தான் ‘உள்ளேன் ஐயா’ என்கிறார்கள். அப்படியானால் மற்றவர்கள் பிறக்கவே இல்லையா? அல்லது விண்மீனே இல்லாமல், வெறும் வாயுவாக, இருட்டில் ஒளிந்துகொண்டு இருக்கிறார்களா? இதுதான் கேள்வி. அக்கா இதற்காகத்தான் அண்டையில் இருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, டிஷ்ஷை, அதாவது வானத்து ரேடியோ அலையைப் பிடிக்கும் பெரிய தட்டை, திருப்பி வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எப்படிப்பட்ட காது அது! ஒரு சம்பவம் சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் நான் முதன்முதலாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, பையில் ஒரு பேட்டரித் தவளை இருந்தது. ரிமோட்டை அமுக்கினால் குதிக்கும். பைக்குள்ளேயே ரிமோட்டை அமுக்கிச் சோதித்தபடி, யார் நாற்காலியில் வைக்கலாம் என்று நான் இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டுப்பாட்டு அறையில் ஒரே களேபரம். திரையில் எங்கிருந்தோ ஒரு கோடு வந்து குதிக்கிறது, மறைகிறது, குதிக்கிறது. இயக்குநர் அவர்கள் பக்கத்து ஊர் அலைபேசிக் கோபுரத்தைத் திட்டினார். கண்ணாடி அண்ணன் செயற்கைக்கோளைத் திட்டினார். அக்கா யாரையும் திட்டவில்லை. கையடக்க ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் மெதுவாக நடந்து, நேராக என் பைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“உன் பை எப்போலேருந்து ஒலிபரப்பு பண்ணுது?”

“எது? அது… அறிவியல் செயல்திட்டம்.”

“அப்படியா? குதிக்கச் சொல்லு, பார்ப்போம்.”

தவளை குதித்தது. இயக்குநர் அவர்களும் குதித்தார். அக்கா அதைப் பிடித்து, ரிமோட்டோடு சேர்த்து ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். தகரத்துக்குள் போட்டால் ரேடியோ அலை வெளியே வராது. அந்த டப்பாவின் மேல் ‘வாலு’ என்று எழுதித் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். என்னைப் போட்டு மூடுவதற்கு டப்பா தயார் என்று அப்போதே அறிவித்துவிட்டாள். எனக்குத்தான் புரியவில்லை!

தண்டனையாக எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கண் வேலை. டிஷ் கேட்டதையெல்லாம் கணினி படங்களாக அடுக்கித் தரும். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி, ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு படம். பிரகாசமான மண்டலங்களைக் கணினியே பிடித்துவிடும். மங்கலானவை இரைச்சலோடு கலந்து கிடக்கும், அவற்றுக்கு மனிதக் கண்தான் வேண்டும். படம் பூராவும் பொரிபொரியாகத் தெரியும். அதில் எது ஆள், எது நிழல்? மண்டலத்தைத் தேடி மண்டை காய்ந்து நான் கேட்டேன். அக்கா சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“ஒரு படத்துல மட்டும் தெரிஞ்சா அது இரைச்சல். விட்டுடு. பக்கத்துப் படத்துலயும் இருந்தா கொஞ்சம் நில்லு. அதுக்கும் அடுத்ததுல, லேசா நகந்து அதே ஆளு நின்னா, விடாத. அது நிஜம். சுத்தற மண்டலம்தான் அப்படி நகரும்.”

கூடியிருப்போரே! இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்துத்தான் நான் பின்னால் உங்களைக் கேள்வி கேட்கப்போகிறேன்.

தண்டனை ருசித்துவிட்டது. அடுத்த விடுமுறையிலும் வந்தேன். பிறகு வீட்டிலேயே, அக்காவின் கணினியில், பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்தால் புத்தகம், போனால் வானம். அப்படித்தான் ஒரு நாள் அந்தத் திட்டைப் பிடித்தேன். ஒரு படத்தில் இருந்தது. பக்கத்துப் படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததில் மூக்குத்தி அளவுக்கு இடப்பக்கம் நகர்ந்து நின்றது. இன்னும் இரண்டு படங்களுக்கு அது கூடவே வந்தது. மண்டலக் கூட்டத்தின் ஓரத்தில், பெரியவர்கள் யாரும் பார்க்காத மூலையில், அத்தனை மங்கலாக ஒன்றை இந்தத் தேடலில் யாருமே அதுவரை பிடித்ததில்லை.

அடுத்த அறைக்கு ஓடினேன். அக்கா படுத்திருந்தாள். காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள்.

“அக்கா, ஒரு ஆளு மாட்டிக்கிச்சு!”

“பக்கத்துப் படத்துல பார்த்தியா?”

“இருக்கு.”

“அதுக்கடுத்தது?”

“நகந்து நிக்குது. சுத்துதுக்கா அது!”

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு நேரம் சிரித்தாள் தெரியுமா? பிறகு சொன்னாள்: “அப்போ பேர் வை.”

கடுகு என்று வைத்தேன். சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா! அவள் தலையாட்டினாள். “நல்ல பேரு. பொரிஞ்சு தெறிக்காம பார்த்துக்கோ” என்றாள். அதுதான் பதாகையில் இருக்கிறது.

இனி வருவதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் மன்னிக்க வேண்டாம். அது உயரத்தான் செய்யும்.

காய்ச்சல் இல்லை அது. பல மாதங்களாகவே காய்ச்சல் இல்லை. முன்பு வந்து போன நோய் திரும்பி வந்திருந்தது. இம்முறை போகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். அக்கா ‘டிஷ்ஷுக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய காலைகளில் பாதி, மருத்துவமனைக்குப் போன காலைகள். அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனவர் கண்ணாடி அண்ணன். இரவுப் பணிகளை அவள் பெயரிலிருந்து எடுத்து மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தவர் இயக்குநர். மாத்திரைகளைச் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தவர் அம்மா. நான் எழுந்திருக்கும் முன்பே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியவர் அப்பா. வாழ்நாளில் குப்பைக் கூடையைத் தொடாத மனிதர் திடீரென்று தினமும் கொட்டினார். நான் என்ன நினைத்தேன்? அப்பா திருந்திவிட்டார் என்று நினைத்தேன்!

கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு முன்பே தெரியும்? கையைத் தூக்குங்கள். வெட்கப்பட வேண்டாம், இது வருகைப் பதிவுதான்.

இயக்குநர்… கண்ணாடி அண்ணன்… அம்மா… டிஷ் பிரிவிலுமா? பின்னால் தேநீர் கொண்டுவருபவருமா! அப்பா, நீங்கள் கையை இறக்கலாம். அழுதுகொண்டு தூக்க வேண்டாம்.

இத்தனை பேர். மொத்த மண்டபமும் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். சரி, ஏன் மறைத்தீர்கள்? வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

“பரீட்சை முடியட்டும்னு பார்த்தோம் கண்ணு. அவதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

“பரீட்சை அடுத்த வருஷமும் வரும்மா. அக்கா வருவாளா?”

இதையே உங்களிடமும் கேட்கிறேன். வருவாளா?

கடைசித் தேர்வு எழுதிவிட்டு, வினாத்தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டே வந்தேன். வாசலில் அத்தனை செருப்புகள். எங்கள் வீட்டுக்கு அத்தனை பேர் ஒருநாளும் வந்ததில்லை. இயக்குநரின் கறுப்புக் காலணி எனக்கு அடையாளம் தெரியும், ஏனென்றால் அதன் நாடாக்களை ஒருமுறை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவள் நான். அந்தக் காலணியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு படத்தில் மட்டும் தெரிந்தால் இரைச்சல்! அக்கா ஒருநாள் மாடிப்படியின் பாதியில் நின்றாள். ஏனென்று கேட்டேன். “போன்ல ஏதோ பார்த்துட்டிருந்தேன்” என்றாள். போனே வைத்துக்கொள்ளாதவள்! சரி, கிண்டல் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் நின்றாள். தேநீரைப் பாதியில் வைத்தாள். அதற்கடுத்த வாரம், படியில் கொஞ்சம் கீழேயே நின்றாள். பக்கத்துப் படம், அதற்கடுத்த படம், லேசாக நகர்ந்து நின்ற அதே ஆள்! எத்தனையோ தூரத்தில் இருக்கும் வாயுவைப் பிடித்த இந்தக் கண், அடுத்த அறையில் இருந்தவளைப் பிடிக்கவில்லை என்றால், அது என் கண்ணின் குற்றமா? இல்லை! ஆயிரம் முறை சொல்வேன், இல்லை! ஒவ்வொரு படத்தையும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து துடைத்து வைத்தீர்கள். ஒருவர் மாத்திரையை மறைத்தார், ஒருவர் காரை மறைத்தார், ஒருவர் குப்பையை மறைத்தார். துடைத்த படத்தில் எதைத் தேடுவது?

சரி. கடுகாவது எனக்கு மிஞ்சியது என்று இருந்தேன்.

அதற்கும் வந்துவிட்டேன், இயக்குநர் அவர்களே. கைக்குட்டையை விட்டுவிடுங்கள், கிழிந்துவிடும்.

இந்தப் பதாகையை அச்சுக்குக் கொடுத்த அன்று, கடுகு இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று இயக்குநர் அவர்களுக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். நம் டிஷ்ஷைவிடப் பெரிய டிஷ் வைத்திருக்கும் நண்பர்களிடம், அந்த மூலையை ஒருமுறை பார்த்துப் படம் அனுப்பச் சொன்னார். அஞ்சலிக்கு என்றதும் அவர்களும் வேறு வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதாகை இந்தச் சுவரில் ஏறிய பிறகு, நேற்று மாலை, படம் வந்தது.

படத்தில் ஒன்றும் இல்லை.

மங்கலாகக்கூட இல்லை. பெரிய டிஷ் அத்தனை நேரம் பார்த்தும், அந்த மூலையில் வெறும் வானம்! மண்டபத்தில் சலசலப்பு கேட்கிறது. ஆமாம், நன்றாகத்தான் கேட்டீர்கள். உங்கள் முன்னால் மாலை போட்டு வைத்திருக்கும் அந்த முத்து, வானத்தில் கிடையாது.

பிறகு எங்கிருந்து வந்தது? இன்று காலை கண்ணாடி அண்ணன் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். இந்தத் தேடலில் ஒரு வழக்கம் உண்டு. தேடுகிறவர்களின் கண் எவ்வளவு கூர்மை என்று தெரிய வேண்டும். அதனால் படங்களைக் கையில் கொடுக்கும் முன்பே, யாருக்கும் தெரியாமல், சில போலி மண்டலங்களை ஒருவர் செய்து உள்ளே வைத்துவிடுவார். அதற்கு நடுவது என்று பெயர். தேடல் முழுக்க முடிந்த பிறகுதான் எது நட்டது, எது தானே முளைத்தது என்று சொல்வார்கள். அதுவரை நட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதையே சொல்வதில்லை. இந்தத் தேடலில் நட்டவர் யார்?

முனைவர் கிசுகிசு அவர்கள்!

கண்ணாடி அண்ணன் நடுவதற்கு முந்தைய படங்களைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். அவற்றில் கடுகு இல்லை. அக்கா செய்த கடுகு. சுழற்சிகூட வைத்துச் செய்திருக்கிறாள், பாவி! நான் மூச்சிரைக்க ஓடிப்போய் “சுத்துதுக்கா” என்றபோது அவள் எதற்குச் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறதா? தான் சுற்றிவிட்ட பம்பரத்துக்கு என்னையே பேர் வைக்கச் சொன்னவள்! நான் இயக்குநரின் காலணி நாடாவை முடிந்தேன், தவளையைக் குதிக்க வைத்தேன், அதற்கே எனக்கு வாலு என்று பெயர். ஒரு மண்டலத்தையே பொய்யாகச் செய்து தங்கைக்குக் கொடுத்தவளுக்கு முனைவர் என்று பெயர். இது என்ன நியாயம்?

கதவுக்கு வெளியே இயக்குநர் அவர்கள் சொன்னார்: “இன்னைக்கு வேண்டாம்மா. எல்லாரும் கண் கலங்கி உக்காந்திருக்காங்க. அடுத்த மாசம் மெதுவா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்.” ஐயா, நீங்கள் நல்லவர். உங்கள் மனம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எதையும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்த கூட்டத்தில் நீங்களும் ஒருவர். அந்த மெதுவில்தான் நான் அக்காவைக் கோட்டைவிட்டேன். அதனால் இன்றைக்கே, இப்போதே, ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா! உன்னிடம் ஒரு நிமிடம். கடுகை நட்டது உன் வேலை. வாயை மூடியதும் உன் வேலை. அதைக்கூட நான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லித் திரிவேன். ஆனால் படியில் நின்றபோது நான் கேட்டேனே, அப்போது என்ன வேலை உனக்கு? அதுவும் ஆய்வா? நீ நட்ட பொய்யை நான் கண்டுபிடித்துவிட்டேன். நீ மறைத்த உண்மையை என்னைக் கண்டுபிடிக்க விடவில்லை. ஒரு ராத்திரி உன் பக்கத்தில் படுத்துச் சண்டை போட்டிருப்பேன். நீ சாகப்போகிறவள் என்று தெரிந்தே சண்டை போட்டிருப்பேன், அது வேறு மாதிரி சண்டை. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். மன்னித்துவிட்டேன் என்று இந்த மேடையில் நான் சொல்ல மாட்டேன். இன்னும் மன்னிக்கவில்லை. பக்கத்துப் படத்திலும், அதற்கடுத்த படத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு எங்காவது தெரிந்தால் சொல்கிறேன்.

ஆனால் கண்ணாடி அண்ணன் இன்னொன்றும் சொன்னார். அதை மறைத்தால் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்தவள் ஆகிவிடுவேன்.

“வாலு, அவ நட்டதுலயே மங்கலானது இதுதான். எங்கேன்னு சொல்லாம, எவ்வளவு மங்கல்னு மட்டும் சொன்னா. யாராலயும் பிடிக்க முடியாதுன்னு நானே சொன்னேன். ‘ஒரு ஆளு பிடிப்பா, பாரு’ன்னா.”

“அதுக்கு என்னண்ணா இப்போ? பொய்யைத்தானே பிடிச்சேன்.”

“இல்லடி. நீ இதைப் பிடிச்சதாலதான், மத்த மூலையில ஒண்ணும் இல்லைன்னா நிஜமாவே இல்லைன்னு நாம சொல்ல முடியும். இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு தகுதி வேணும். அந்தத் தகுதி நமக்கு நேத்து வரைக்கும் இல்ல.”

யோசித்துப் பாருங்கள். கடுகு இல்லாவிட்டால், நாங்கள் வானத்தைப் பார்த்து ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்வது, அறைக்குள் எட்டிப் பார்க்காமலே ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொல்வது மாதிரி. இப்போது அப்படி இல்லை. எங்கள் கண் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதற்கு அளவுகோல் கிடைத்திருக்கிறது. அதைச் செய்தவள் அக்கா. அதை அளந்தவள் நான். இதற்காக அவளைப் பாராட்ட வேண்டுமா, அவளோடு பேசாமல் இருக்க வேண்டுமா? இரண்டையும் செய்யலாம் என்று இருக்கிறேன். பேசாமல் இருப்பதற்கு இனி அவள் ஆட்சேபணை செய்யப்போவதில்லை.

ஆகவே இயக்குநர் அவர்களே, பதாகையைக் கழற்ற வேண்டாம். எழுத்தை மட்டும் மாற்றுங்கள். அக்கா கண்டுபிடித்த மண்டலங்கள் அவள் இல்லாவிட்டாலும் அங்கே இருக்கும். வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கடுகு அப்படி இல்லை. அது அவள் தன் கையாலேயே செய்த மண்டலம். வானத்தில் அதற்கு இடம் கிடையாது. சுவரிலாவது இருக்கட்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் சூளுரை ஏற்க வேண்டும். ஏற்கிறேன். அக்கா எடுத்துக்கொண்ட அந்த மண்டலக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வானம் இன்னும் யாரும் பார்க்காமல் கிடக்கிறது. அதைப் பார்த்து முடிப்போம். நட்டவர் போய்விட்டார், புதிதாக நடுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று காலையில் மேடைக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தீர்கள். யார் யாரையோ யோசித்தீர்கள். ஊர் முழுக்க விளக்குப் போட்டுத் தேடினாலும், ஒளித்து வைப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவள் உங்களுக்குக் கிடைப்பாளா? நான் நடுகிறேன். சுழற்சியோடு நடுகிறேன். எங்கே நட்டேன் என்று ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். கண்ணாடி அண்ணா, நீங்கள் இனி கண்ணாடியை நன்றாகவே துடைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நடுவது படத்துக்குள் மட்டும்தான். அம்மா, அப்பா, இனி நம் வீட்டில் எதையாவது ஒளித்து வைப்பதாக இருந்தால் அது பிஸ்கட்டாக இருக்கட்டும்.

கடைசியாக மௌன அஞ்சலி. எழுந்து நிற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது.

கூட்டம் தொடங்கும்போது கைப்பேசிகளை சைலன்ட்டில் போடச் சொன்னார்கள். எல்லோரும் போட்டீர்கள். அக்கா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். சைலன்ட்டில் இருக்கும் கைப்பேசி மௌனமாகவா இருக்கிறது? சத்தம் நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அது பைக்குள் கிடந்தபடியே கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது. கடுகைப் போலக் கோடிக் கடுகுகளை மூழ்கடிக்கும் கூச்சல் அது. நீங்கள் என்னிடம் காட்டியதும் அந்த மௌனம்தான். எனக்குக் கேட்கிற சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு, உங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தீர்கள்.

முனைவர் கிசுகிசுவுக்கு அந்த மௌனம் வேண்டாம். கைப்பேசிகளை வெளியே எடுங்கள். அணையுங்கள். முழுசாக அணையுங்கள். அம்மா, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்கணும். விட்டுடாத, இன்னும் கொஞ்சம். ஆங், திரை கறுத்துப்போச்சா? அப்பா, உங்கள் சட்டைப்பையில் ஒன்று, கால்சட்டைப்பையில் ஒன்று, எனக்குத் தெரியும்.

எல்லாம் அணைந்துவிட்டதா? எழுந்து நில்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் கையில் இருப்பது கம்பியில்லாத ஒலிபெருக்கி. இதுவும் ரேடியோவில்தான் கத்துகிறது. இதையும் அணைக்கிறேன், அக்கா. இப்போது கேட்டுப் பார்